காத்தமுத்துவின் நாலு ஏக்கர்

ஓய்வு பெற்ற வருவாய்த் துறைக்காரனைத் தேடி யாரும் வருவதில்லை. பதவியில் இருந்த நாளில் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே அன்றைக்கு எத்தனை மனு என்று சொல்லிவிடுவாள் என் மனைவி. இப்போது என் செருப்பு ஒரு ஜோடிதான் கிடக்கிறது. அதை நாய் தூக்கிக்கொண்டு போனாலும் கேட்க நாதியில்லை.

அப்படியிருக்கும்போது போன மாதம் குமரவேல் வந்தார். என்னிடம் இளநிலை உதவியாளராக வேலை கற்றவர், இப்போது தாசில்தார். எங்கள் வருவாய்த் துறைச் சங்கத்து மலருக்கு அனுபவக் கட்டுரை கேட்டு வந்ததாகச் சொன்னார். காபி ஆறுவதற்குள் வந்த காரியம் வேறு என்று தெரிந்துவிட்டது. புலம்ப வந்திருந்தார். மகனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் தவறிவிட்டது. அவனைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய ஒரு பிள்ளைக்கு, அரசுப் பள்ளியில் படித்தது என்பதற்காக இடம் கிடைத்துவிட்டதாம்.

"மார்க்க மட்டும் பாத்தா போதாதா சார்? குடிசை, கூலி வேலை, இதெல்லாம் எதுக்கு சார் காலேஜுக்கு?" என்றார்.

அவர் மகனை எனக்கு நன்றாகத் தெரியும். கெட்டிக்காரன், குறை சொல்லவில்லை. நாலாம் வகுப்பிலிருந்து டியூஷன். பத்தாவது முடிந்ததும் பிராய்லர் கோழி மாதிரி அடைத்து வைத்துப் படிக்க வைக்கும் பள்ளியில் இரண்டு வருஷம். பிறகு நுழைவுத் தேர்வுக்கென்றே ஒரு வருஷம் தனிப் பயிற்சி. அவன் படிக்க ஏசி அறை, அவனுக்குப் பால் காய்ச்சிக் கொடுக்க அம்மாவுக்குச் சம்பளமில்லாத விடுப்பு. அவன் கவனம் சிதறக் கூடாதென்று வீட்டில் மூன்று வருஷம் டிவி ஓடவில்லை. இவ்வளவும் குமரவேல் பார்வையில் பின்னணி ஆகாது. இதற்குப் பெயர் தகுதி. இன்னொரு பிள்ளை காலையில் வயலில் நாற்று முடி தூக்கிப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனதே, அதற்குத்தான் பின்னணி என்று பெயர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த வயதில் கோபப்பட்டால் தலை சுற்றுகிறது. எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இதை மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர் இஷ்டம்.

நான் வேலைக்கு வந்த கதையில் பெரிசாக ஒன்றுமில்லை. கும்பகோணத்தில் பி.ஏ., பிறகு சர்வீஸ் கமிஷன் பரீட்சை, பிறகு தஞ்சாவூர் மாவட்டத்தில் உத்தியோகம். நில அளவைப் பயிற்சியில் வெயிலில் காய்ந்தேன். கிராமக் கணக்குப் பயிற்சியில் கர்ணங்களின் கையெழுத்தைப் படிக்கக் கற்றேன். இரண்டாவதுதான் கஷ்டம். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று சொல்வது சிட்டா. அந்த நிலத்தில் இந்தப் போகம் யார் என்ன பயிர் வைத்தார் என்று சொல்வது அடங்கல். அந்தக் காலத்தில் இரண்டையும் எழுதுபவர் ஊர்க் கர்ணம். அவர் எதை எழுதினாரோ அதுதான் உண்மை. வயல் வேறு மாதிரி சொன்னால் வயல்தான் தப்பு. இந்த ஞானம் கைவந்ததும் என்னை வருவாய் ஆய்வாளர் ஆக்கினார்கள். ஜனங்கள் வாயில் ஆர்.ஐ.

காவிரி கடலில் போய்ச் சேரும் பக்கத்து வட்டம் ஒன்று. பெயர் வேண்டாம். கழக ஆட்சி வந்து வேர்பிடித்திருந்த காலம். ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை இன்னும் இறுக்கியிருந்தார்கள். கூலி கேட்டுச் செங்கொடி ஏறாத ஊர் இல்லை. அறுப்புக் காலத்தில் பள்ளிக்கூடக் கட்டடத்தில் போலீஸ் தங்கும், பிள்ளைகளுக்கு மரத்தடியில் வகுப்பு நடக்கும்.

எங்கள் தாசில்தார் ஞானப்பிரகாசம். எஸ்.எஸ்.எல்.சி.யோடு வேலைக்கு வந்து படிப்படியாக ஏறியவர். ஒல்லியான மனிதர், குரல் உயராது. வந்தவர் யாரானாலும் உட்காரச் சொல்வார். மிராசுதாருக்கும் அதே நாற்காலி, அவர் வயலில் களை பறிப்பவருக்கும் அதே நாற்காலி. அதனாலேயே அவர் அறைக்குள் போக இரண்டு தரப்புக்கும் சங்கடம். ஒருவருக்கு உட்காரப் பயம், இன்னொருவருக்கு அதில் உட்கார மனமில்லை.

சொல்வதையெல்லாம் நடுவில் பேசாமல் கேட்டுக்கொள்வார். முடிந்ததும் முழுத் தாள் ஒன்றை எடுத்து, ஓரத்தில் மடித்துக் கோடு விழச் செய்து, பேனாவோடு எதிரில் வைப்பார். "இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்க" என்பார். அவ்வளவுதான். அரை மணி நேரம் பொரிந்து தள்ளியவர்கள் அந்தத் தாளைக் கண்டதும் தொண்டையைக் கனைப்பார்கள். நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து போவார்கள். கால்வாசிப் புகார் அங்கேயே செத்துப் போகும். எழுதத் தெரியாதவர் என்றால், அவர் நம்பும் ஒருவரைக் கூட்டிவந்து எழுதச் சொல்வார். எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு. படித்துக் காட்டாமல் வாங்குகிற கைநாட்டு திருட்டு என்பது அவர் கட்சி. இந்த விதிக்குக் குமாஸ்தாவும் தப்ப முடியாது. நாங்கள் எழுதிக் கொடுக்கும் விளக்கத்தையும் அவர் முன்னால் நின்று நாங்களே வாசிக்க வேண்டும். ஒரு நாளில் முடிகிற காரியம் இவரிடம் மூன்று நாள் இழுக்கும். அலுவலகத்தில் அவருக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

அந்த வருஷம் ஓர் உத்தரவு வந்தது. மருத்துவக் கல்லூரிக்கும் பொறியியல் கல்லூரிக்கும் ஆள் எடுக்கும்போது மதிப்பெண்ணோடு குடும்ப நிலையையும் பார்க்க வேண்டும். நிலமில்லாத குடும்பம், அதில் இதுவரை ஒருவரும் பட்டம் வாங்கவில்லை என்றால் சில மதிப்பெண் கூடுதல். சாதி ஒதுக்கீடு தனி, இது அதற்கு மேல். சான்றிதழைத் தாசில்தார் தர வேண்டும். கர்ணம் அறிக்கை எழுதுவார், நான் சரிபார்த்துப் பரிந்துரை எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார்.

உத்தரவு வந்த வாரத்தில் எங்கள் வட்டமே ஏழையாகிவிட்டது. ரைஸ்மில் முதலாளி ஒருவர் வந்து தான் அன்றாடங்காய்ச்சி என்று என் எதிரில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய காரை டிரைவர் வெளியே நிழல் பார்த்து நகர்த்திக்கொண்டிருந்தான்.

இந்தக் கூட்டத்தில் பெரியபண்ணை தில்லைநாயகமும் ஒருவர். கதர் ஆட்சியில் கதர், கழக ஆட்சியில் கரை வேட்டி. எந்த ஆட்சியிலும் வயல் மட்டும் அவருடையது. உச்சவரம்பு வந்தபோது நிலத்தைப் பிரித்து எழுதினார். மைத்துனர் பெயரில் கொஞ்சம், மாமியார் பெயரில் கொஞ்சம், திடீரென்று முளைத்த அறக்கட்டளை ஒன்றுக்குக் கொஞ்சம், மிச்சத்தைத் தன் பண்ணையாட்கள் ஒன்பது பேர் பெயரில். மாட்டின் பெயரில் எழுதாததற்கு, அதற்குக் கைநாட்டு வைக்க விரல் இல்லை என்பது ஒன்றுதான் காரணம். கடைசியில் சிட்டாவில் அவர் பெயரில் ஒரு குழி நஞ்சை இல்லை. நெல் மட்டும் வழக்கம் போல அவர் களத்துக்கே வந்துகொண்டிருந்தது.

அவருடைய மகனுக்காக மனு. நிலமற்ற குடும்பம் என்று எழுதியிருந்தது, சிட்டாப்படி அது சத்தியம். பட்டதாரி இல்லை என்று எழுதியிருந்தது, அதுவும் சத்தியம்தான். மூன்று தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன குடும்பம், ஆனால் ஒருவரும் தேறவில்லை. தேற வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

அதே மனுக்கட்டில் அதே ஊரிலிருந்து இன்னொரு மனு. தமிழரசி, தகப்பனார் காத்தமுத்து, பெரியபண்ணையில் பண்ணையாள். அந்தப் பெண் உள்ளூரில் ஐந்தாவது வரைக்கும், பிறகு தினம் பஸ்ஸில் போய்ப் படித்தும், பண்ணை மகனைவிட நன்றாகவே மதிப்பெண் வாங்கியிருந்தாள். ஆனாலும் மருத்துவத்துக்கு நூலிழையில் தவறும், இந்தச் சான்றிதழ் இருந்தால் இடம் நிச்சயம் என்று அவளுடைய தலைமையாசிரியர் மனுவோடு ஒரு கடிதமே வைத்திருந்தார். சான்றிதழ் வெள்ளிக்கிழமைக்குள் சென்னையில் தேர்வுக் குழுவிடம் போய்ச் சேர வேண்டும்.

அந்த மனுவில் கர்ணம் எழுதியிருந்த அறிக்கை இது: காத்தமுத்து, நஞ்சை நாலு ஏக்கர், பட்டாதாரர், சொந்தச் சாகுபடி.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது பினாமிகளில் இந்த ஆளும் ஒருவர். சிரித்து முடித்துவிட்டுச் சிட்டாவோடு ஒத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பண்ணை மகன் மனுவில் "சிட்டாப்படி நிலமற்றவர், பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதினேன். தமிழரசி மனுவில் "சிட்டாப்படி நில உடைமையாளர், நிராகரிக்கலாம்" என்று எழுதினேன். ஒரே மை, ஒரே மத்தியானம். இரண்டிலும் எந்த அதிகாரியாலும் குறை கண்டுபிடிக்க முடியாது. பெரியபண்ணை வீட்டில் எனக்குக் காபி வெள்ளி டம்ளரில் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

தாசில்தார் முதல் மனுவில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவதில் போடவில்லை. நிராகரிப்பதானால் மனுதாரரை நேரில் அழைத்துக் காரணத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அவருடைய இன்னொரு விதி.

புதன்கிழமை காலை காத்தமுத்துவும் மகளும் வந்தார்கள். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். தாசில்தார் இரண்டு தடவை சொன்ன பிறகு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். அந்தப் பெண் முதல் தடவையிலேயே உட்கார்ந்தாள். என்னைப் படிக்கச் சொன்னார் தாசில்தார். தங்கள் பெயரில் நாலு ஏக்கர் நஞ்சை இருப்பதால் நிலமற்றவர் சான்றிதழ் தர இயலாது என்று படித்தேன்.

காத்தமுத்து என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"எந்த நாலு ஏக்கருங்க?"

அதில் குத்தல் இல்லை. தெரியாமல்தான் கேட்டார். ஒரு மனிதர் தனக்குச் சொத்து இருக்கிறது என்பதை அது இருப்பதால் ஒன்று கிடைக்காது என்று சொல்லும்போது தெரிந்துகொண்டார். கர்ணம் குறிப்பில் இருந்த எல்லைகளை வாசித்தேன். வடக்கே மதகு, கிழக்கே வாய்க்கால். அவர் முகம் மலர்ந்துவிட்டது, தெரிந்த இடம் ஆயிற்றே. அது பண்ணை வயல் என்றும், தான்தான் அதற்குத் தண்ணீர் கட்டுவதாகவும் எனக்கு விளக்கினார்.

எங்கேயாவது கைநாட்டு வைத்தீர்களா என்று கேட்டார் தாசில்தார். யோசித்துப் பார்த்துச் சொன்னார். நாலைந்து வருஷத்துக்கு முன்னால், குடியிருக்கிற மனைக்குப் பட்டா வாங்கித் தருவதாகச் சொல்லி ஒன்பது பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஓட்டலில் பூரி வாங்கிக் கொடுத்தார்கள். காட்டிய இடத்திலெல்லாம் விரலை வைத்தார்கள். மனைப்பட்டா வந்ததா என்று கேட்டதற்கு, "இன்னும் வரலீங்க. வரும்னுதான் சொல்லிக்கிட்டிருக்காங்க" என்றார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தாசில்தார் பெரியபண்ணைக்கு ஆள் அனுப்பினார்.

மத்தியானம் கார் வந்தது. பெரியபண்ணை உள்ளே நுழைந்ததும் காத்தமுத்து துள்ளி எழுந்தார். தாசில்தார் கை காட்டி அவரை உட்கார வைத்தார். பெரியபண்ணைக்குப் பக்கத்து நாற்காலி. அவர் அதைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். தட்டியதற்குத் தூசி காரணமா, பக்கத்தில் இருந்தவர் காரணமா என்று நான் கேட்கவில்லை.

பண்ணைக்கு விஷயம் சிரிப்பாக இருந்தது. அந்த நிலம் காத்தமுத்துவுடையதுதான், முறைப்படி விற்றுவிட்டேன், படிப்பு இல்லாத ஆள், அதனால் மறந்துவிட்டான் போலிருக்கிறது என்றார். பெண்ணைப் பார்த்து, கஷ்டப்பட்டுப் படித்திருக்கிறாய், வேறு ஏதாவது படிப்பு சேர்ந்துகொள்ளம்மா என்று அறிவுரையும் சொன்னார். தாசில்தார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தாளை எடுத்தார், மடித்தார், பிரித்தார், எதிரில் வைத்தார்.

"அந்த நெலத்துல எனக்கோ என் வாரிசுக்கோ எந்தப் பாத்தியமும் இல்ல, காத்தமுத்து எறங்கி உழுதா ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுங்க."

பெரியபண்ணை பேனாவை எடுத்தார். தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். அங்கேயே நிறுத்தினார். தலைமடை வயல் அது. மேட்டூர்த் தண்ணீர் வந்தால் ஊரில் முதலில் நனைவது அதுதான். எழுதிக் கொடுத்தால் நாளைக்கே அந்த ஆள் ஏரைப் பூட்டிக்கொண்டு இறங்கலாம். எழுத மறுத்தால் நிலம் தன்னுடையது என்று ஆகிவிடும், உச்சவரம்பு எடுத்துக்கொள்ளும். மனிதருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. குடித்தார். வக்கீலைக் கலந்துகொண்டு திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி எழுந்தார். போகும்போது காத்தமுத்துவைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை.

அவர் போன பிறகு தாசில்தார் பேசினார். அவர் பேசி நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

"காத்தமுத்து, ஒங்களுக்கு ரெண்டு வழி இருக்குங்க. நெலம் ஒங்களுதுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா காகிதம் பூராவும் ஒங்க பக்கம். எறங்கி உழுங்க, நான் வந்து வரப்புல நிக்கிறேன். ஆனா பாப்பாவுக்குச் சான்றிதழ் தர முடியாது. ஒங்களுது இல்லன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா சான்றிதழ் உண்டு. நெலம் அரசாங்கத்துக்குப் போயிடும், ஒங்களுக்குப் பண்ணையில வேலையும் போயிடும். நாளை சாயங்காலம் வரைக்கும் யோசிக்கலாம்."

நாலு ஏக்கர் தலைமடை நஞ்சை என்றால் என்னவென்று எங்கள் பக்கத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாண் வரப்புக்கு அரிவாள் தூக்கிய வழக்குகளில் நான் சாட்சி சொல்லியிருக்கிறேன். காத்தமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் கட்டிய மனிதர். மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். நிலத்தை அப்பாவே வைத்துக்கொள்ளும்படியும், தான் டீச்சர் ட்ரெயினிங் போய்க்கொள்வதாகவும் சொன்னாள். குரல் உடையாமல் சொல்ல அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

காத்தமுத்து நிமிரவில்லை.

"வயலு எங்கயும் போயிடாது பாப்பா. ஒனக்கு வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிடுதுல்ல. எழுது."

அவள் எழுதினாள். ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். பட்டா எப்படி வந்தது, வண்டியில் போனது, பூரி சாப்பிட்டது, எல்லாம் இருந்தது. கடைசியில், நாங்கள் பரம ஏழைகள், ஐயா அவர்கள் கருணை காட்ட வேண்டும் என்று மனு எழுதும் வழக்கப்படி ஒரு வரி சேர்த்திருந்தாள். காத்தமுத்து அதை அடிக்கச் சொன்னார். நிலம் என்னுடையது இல்லை என்பது போதும், கருணையெல்லாம் எதற்கு என்றார். அவள் அடித்தாள். அவர் விரலை மையில் ஒற்றி, தாளில் அழுத்தி வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து அவர் வைத்த முதல் கைநாட்டு அதுவாகத்தான் இருக்கும்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. தாசில்தார் இன்னொரு தாளை எடுத்தார். மடித்தார். என் எதிரில் வைத்தார்.

"ரெண்டு மனுவுலயும் சிட்டாப்படின்னு எழுதியிருக்கீங்க. சிட்டாவுக்கு வெளியில ஒங்களுக்குத் தெரிஞ்சதை எழுதிக் குடுங்க."

நான் நின்றபடி யோசித்தேன். பினாமி என்று தெரியும் என எழுதினால், தெரிந்தே பொய்ப் பரிந்துரை செய்தவன், சஸ்பென்ஷன். தெரியாது என்று எழுதினால் விசாரணையில் கவனக்குறைவு, ஒரு எச்சரிக்கையோடு போய்விடும். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். எழுதினேன். "மேற்படி நிலம் பெரியபண்ணையின் அனுபவத்தில் உள்ளது என்பது எனக்குத் தெரியாது." என் கையெழுத்து அழகாக இருக்கும், எல்லோரும் சொல்வார்கள். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அறையில் நாலு பேர் இருந்தோம். அதில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான்.

தாசில்தார் "சரிங்க" என்றார். என் தாளைக் காத்தமுத்துவின் தாளுக்கு அடியில் வைத்துக் கோப்பை மூடினார்.

பிறகு நடந்ததைச் சுருக்கிவிடுகிறேன். பண்ணை மகனுக்குக் கொடுத்த சான்றிதழ் ரத்தானது. பிள்ளை ஒன்றும் கெட்டுப் போகவில்லை. பக்கத்து மாநிலத்தில் நன்கொடை கொடுத்து மருத்துவம் சேர்ந்தான். அங்கே குடும்ப நிலையையும் கேட்கவில்லை, மதிப்பெண்ணையும் பெரிதாகக் கேட்கவில்லை. தகுதி செத்துவிட்டது என்று அன்றைக்கு ஒருவரும் ஒப்பாரி வைக்கவில்லை. நிலத்துக்குப் பெரியபண்ணை நீதிமன்றத்தில் தடை வாங்கினார். நான் ஓய்வு பெற்றபோதும் வழக்கு நடந்துகொண்டிருந்தது, நெல்லும் அவர் களத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மற்ற எட்டுப் பேரில் மூன்று பேர் அலுவலகத்துக்கு வந்து, எங்களுக்கு எத்தனை ஏக்கர் சார் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். காத்தமுத்துவைப் பண்ணையில் அன்றோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அடுத்த வருஷம் பதவி உயர்வும் வந்தது. தமிழரசிக்கு இடம் கிடைத்தது. தலைமையாசிரியர் எழுதிய நன்றிக் கடிதம் தாசில்தாருக்கு வந்தது, எனக்கு வரவில்லை.

குமரவேல், நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். மதிப்பெண் பட்டியலும் ஒரு சிட்டாதான். விளைந்தது யார் பெயரில் என்று அதில் இருக்கும், யார் எவ்வளவு தூரத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்று இருக்காது. அதைக் கேட்காமல் ஆள் எடுப்பது, வயலுக்குப் போகாமல் சிட்டாவைப் பார்த்து நான் எழுதிய பரிந்துரைக்குச் சமம். சான்றிதழில் பொய் வரும் என்பீர்கள். வரும். எழுதியவனே சொல்கிறேன். அதற்கு மருந்து எழுதுகிறவனைப் பிடிப்பது. கூலிக்காரர் பிள்ளைக்குச் சான்றிதழே கூடாது என்பது இல்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வியாழக்கிழமையை விட்டுவிட்டால் பாதிப் பொய் சொன்னவன் ஆவேன்.

சான்றிதழைப் பதிவேட்டில் ஏற்றிக் கையில் கொடுக்க வேண்டியது என் மேஜை. காலை பத்து மணிக்கே தமிழரசி வந்துவிட்டாள், மத்தியானம் சென்னைக்குப் பஸ். தனியாக வந்திருந்தாள். அப்பா எங்கே என்றேன். பக்கத்து ஊரில் வேலை கேட்கப் போயிருக்கிறார் என்றாள். சான்றிதழை வாங்கி முதல் வரியிலிருந்து முத்திரை வரைக்கும் நின்றபடி படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, பக்கத்து மேஜைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"சார், போன வருஷம் அந்த வயலுக்கு வரப்புத் தகராறு வந்தப்ப நீங்களும் சர்வேயரும்தான் வந்து அளந்தீங்க. எங்கப்பாதான் சங்கிலி புடிச்சாரு. பண்ணை வயலுன்னு நீங்கதான் சொன்னீங்க."

நான் பதிவேட்டில் அவள் பெயர் இருந்த வரியைத் தேடினேன்.

"நேத்து நீங்க வாசிச்சப்பவே சொல்ல வந்தேன். அப்பா என் கையைப் புடிச்சிக்கிட்டாரு. வெளியில வந்து கேட்டேன். அவருக்கும் பிள்ளைங்க இருக்கும், விட்டுடுன்னாரு."

பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.